என் கல்யாணமும் டெல்லி மந்திரிசபையும்

ஜமீலாக்கா வீட்டுக் கூடத்தில் அன்றைக்குக் கால் வைக்க இடமில்லை. அவர் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து கொண்டுவந்த கலர் டிவிக்கு முன்னால் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் நாடகம் ஓடவில்லை. நாடாளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருவர் எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டி இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் யாரும் கண்ணை எடுக்கவில்லை.

"இந்தாளு நம்ம பக்கமா, அங்கிட்டா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு சரசு.

"இம்புட்டுக் கோவமாப் பேசுறாரே, அங்கிட்டுத்தான்."

"காலையில நம்ம ஆளும் இப்படித்தான கத்துனாரு!"

ஜமீலாக்கா தரையில் புளியங்கொட்டைகளைக் குவியலாக வைத்திருந்தார். எந்தக் கட்சிக்கு எத்தனை எம்.பி. என்று காலைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து, பத்து பேருக்கு ஒரு கொட்டை என்று கணக்கு. அரசுக்கு ஆதரவு ஒரு குவியல், எதிர்ப்பு ஒரு குவியல். இன்னும் முடிவு சொல்லாத கட்சிகளுக்காக நடுவில் நாலு கொட்டைகள் தனியாகக் கிடந்தன.

"அந்த நாலுல மூணு இங்கிட்டு வந்தாப் போதும்டி. பிள்ளைக்குத் தாலி ஏறிடும்" என்றார் ஜமீலாக்கா.

அந்தப் பிள்ளை நான்தான். கதவோரம் நின்று அந்த நாலு கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்லியில் அன்று மாலை நடக்கவிருந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் மந்திரிசபை பிழைத்தால் எனக்குக் கல்யாணம். கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

ஐயா வாக்குக் கொடுத்த கதை

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். போன வாரம் இந்தத் தொடரில், நான் தட்டச்சு வகுப்பில் சேர்ந்து மூன்றே மாதத்தில் நின்றதைப் படித்துவிட்டு, என் நாத்தனார் முறை ஆகிற ஒருவர் கடைவீதியில் என்னை நிறுத்தி, "என்ன மல்லிகா, எல்லாத்தையும் எழுதிப்புடுவ போல" என்று சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நேருக்கு நேர் நாலு பேர் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லவும் வரவில்லை.

எங்கள் வீடு அப்போது ஆலங்குடிக்கு வெளியே, பேராவூரணி பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கொஞ்சம் கடலை, கொஞ்சம் தென்னை. அப்பா கருப்பையாவுக்கு விவசாயம் பாதி, கட்சி பாதி. கிளைச் செயலாளர். தேர்தல் வந்தால் சுண்ணாம்பு வாளியும் நீலமும் எடுத்துக்கொண்டு, கட்சிச் சின்னம் எழுதச் சுவர் பிடிக்கப் போய்விடுவார். "இந்தச் சுவரு நம்ம சுவரு" என்று இன்னொரு கட்சிக்காரரிடம் அவர் சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். சுவர் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை.

அவருக்கு ஒரு தலைவர் இருந்தார். எங்கள் மாவட்டத்துக்காரர்தான், ஆனால் வேறு ஒரு தொகுதியில் நின்று எம்.பி. ஆனவர். பெயர் வேண்டாம். நாங்கள் ஐயா என்றுதான் சொல்வோம். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு கூட்டம் முடிந்து எங்கள் வீட்டில் கம்பங்கூழ் குடித்தவர், என் தலையில் கை வைத்து, "கருப்பையா, ஒம் மக கல்யாணத்துக்கு நான்தான் தாலி எடுத்துக் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய மனிதர்கள் எத்தனையோ வீட்டில் இப்படிச் சொல்லியிருப்பார்கள். அப்பா மட்டும் அதைப் பத்திரப்பதிவு ஆனது போல வைத்திருந்தார்.

சைக்கிள் ஓட்டத் தெரியுமா?

மாப்பிள்ளை மணி, ஆலங்குடியில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அப்பா இல்லை. அம்மா தெய்வானை மட்டும்தான்; அவரைத்தான் அத்தை என்று சொல்கிறேன். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அத்தைக்கும் அண்ணன் தம்பி கிடையாது.

பெண் பார்க்க வந்த அன்று, என்னிடம் ஏதாவது கேட்கச் சொன்னார்கள். அவரும் என்னைப் போலத்தான், தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"அப்பச் சரி."

எதற்கு அப்பச் சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு சொல்லில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

சிக்கல் அத்தையிடம் வந்தது. தாலி யார் எடுத்துக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, அப்பா ஐயாவின் பெயரைச் சொன்னார். அத்தை முகத்தைச் சுளித்தார். "கட்சிக்காரவுங்க எல்லாம் எதுக்குங்க? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

எங்கள் பக்கத்து வழக்கத்தில், தட்டில் இருக்கிற தாலியை மாப்பிள்ளை தானாக எடுத்துக் கட்டமாட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். கட்சிக் கல்யாணம் என்றால் தலைவர் எடுத்துக் கொடுப்பார். அத்தை யாரையும் ஒப்புக்கொள்ளாமல் பேச்சு அப்படியே நின்றது.

அந்த வாரம்தான் டெல்லியில் ஆட்சி மாறியது.

மாண்புமிகு

அந்த வருடங்களில் டெல்லியில் ஆட்சி மாறுவது எங்கள் ஊரில் கரண்ட் போய் வருவது போல இருந்தது. பல கட்சிகள் கூடி ஒரு மந்திரிசபை அமைத்தார்கள். அப்பா ரேடியோவை மாட்டுக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய், காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு பதவியேற்றவர்கள் பட்டியலைக் கேட்டார். கேபினட் மந்திரிகள் பெயர் முடிந்தது. ஐயா பெயர் இல்லை. இணை அமைச்சர்கள் பெயர் பாதி முடிந்தது. இல்லை. கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்தது.

அப்பா கத்திய கத்தில் பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்துவர எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஐயாவுக்குக் கொடுத்த துறையின் பெயர் மிகவும் நீளம். அப்பா அதை மனப்பாடம் செய்ய மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அதில் என்ன வேலை நடக்கிறது என்று அம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் பெரிய வேலை" என்று மட்டும் சொன்னார்.

செய்தி கேட்ட மறுநாளே அத்தை ஆள் அனுப்பினார். "மந்திரின்னா சரி. வெறும் கட்சிக்காரர்னாதான் வேணாம்னேன். மந்திரியே வந்து எடுத்துக் குடுக்கட்டும்."

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அத்தை பதவிக்கு மயங்குகிறவர் என்று தோன்றியது. எனக்கும்தான். அம்மா மட்டும், "மாமியாக்காரி கொஞ்சம் பெருமைக்காரி போல. பாத்து நடந்துக்க" என்று சொல்லி வைத்தார்.

அப்பா புதுக்கோட்டைக்குப் போய்ப் பத்திரிகை அடித்துக்கொண்டு வந்தார். 'மாண்புமிகு மத்திய இணை அமைச்சர்' என்ற வரி எங்கள் இருவர் பெயரையும் விடப் பெரிய எழுத்தில் இருந்தது. துறைப் பெயர் மட்டும் இரண்டு வரி. சரசு அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை யாருடி? இவரா?" என்று கேட்டாள்.

மைதா பசை

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது டெல்லியிலிருந்து ஐயாவின் உதவியாளர் கட்சி அலுவலகத்துக்குப் போன் செய்தார். அன்றைய தேதியில் நாடாளுமன்றத்தில் முக்கியமான ஓட்டெடுப்பு இருக்கிறது, ஒரு எம்.பி. கூட டெல்லியை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு, அமைச்சர் வர இயலாது என்றார்.

அத்தையிடம் சொன்னதற்கு, "மந்திரிக்கு எப்பத் தோதுப்படுதோ அப்ப வச்சுக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அடுத்த முகூர்த்தம் ஒரு மாதம் கழித்துத்தான் இருந்தது.

பத்திரிகையை மறுபடி அடிக்க அப்பாவுக்கு மனமில்லை. புதுத் தேதியை மட்டும் சிறு சிறு துண்டுத் தாளில் அடித்துக்கொண்டு வந்தார். அம்மா மைதாவைக் காய்ச்சிப் பசை செய்தார். நாங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பழைய தேதியின் மேல் புதுத் தேதியை ஒட்டினோம். கையெல்லாம் பிசுபிசு என்று இருந்தது. ஜமீலாக்காவும் வந்து ஒட்டிக் கொடுத்தார்.

"அல்லா, இந்தத் தேதியாவது நிக்கட்டும்" என்று ஒவ்வொன்றையும் ஒட்டி அழுத்தினார்.

அந்த ஓட்டெடுப்பில் அரசு பிழைத்தது. ஆனால் அடுத்த சில நாளில் மந்திரிசபையில் ஒரு கட்சி கோபித்துக்கொண்டது. இன்னொரு கட்சி ஆதரவை வாபஸ் வாங்குவதாகச் சொன்னது. தினமும் பேப்பரில் அதே செய்தி. அதுவரை பேப்பரில் சினிமா பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்கள் முதல் பக்கத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்கள். தண்ணீர்க் குழாயடியில், "ஆதரவு வாபஸாமே?" என்று கேட்டுக்கொண்டார்கள். இப்படித்தான் புளியங்கொட்டை வரைக்கும் வந்து சேர்ந்தோம்.

நாலு கொட்டை

அன்று மாலை வாக்கெடுப்பு முடிந்தது. டிவியில் தமிழில் செய்தி வரும்வரை யார் ஜெயித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கத்தில் மேசையைத் தட்டினார்கள். அது எந்தப் பக்கம் என்று எங்களுக்குள் விவாதம்.

பிறகு செய்தி வாசித்தார்கள். அரசு தோற்றது. பிரதமர் ராஜினாமா.

ஜமீலாக்கா புளியங்கொட்டைகளை அள்ளி டப்பாவில் போட்டார். சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒட்டிய தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அப்பா பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முன்னாள்னு ஒரு துண்டு அடிச்சு ஒட்டிப்புடலாமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஒட்டுனது போதும்" என்றார் அம்மா.

அத்தை சொன்னது

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினார். குடையைச் சாத்தி வைத்துவிட்டு, அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நேரே அடுப்படிக்கு வந்தார். நான் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். அவரும் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தார். சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஒம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லத்தா" என்றார். அது முறிப்பதற்கு முன்னால் சொல்கிற பேச்சுப் போலவே இருந்தது.

ஒரு கை கடலை உடைத்துப் போட்டதும், "மந்திரி மந்திரின்னு நான் ஏன் நின்னேன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"ஒன் மாமனாரு செத்தப்ப மணிக்கு ஏழு வயசு. காரியம் முடிஞ்ச மறுநாளே அவரோட அண்ணன், ராமையா, என்னையும் பிள்ளையையும் வீட்டை விட்டு இறக்கி விட்டாரு. சட்டி பானையைத் தெருவுல வச்சாரு. கடலைக் கொல்லையில கூலிக்குப் போயித்தான் இவனை ஆளாக்குனேன். இத்தனை வருசமா எட்டிப் பாக்காத மனுசன், கல்யாணம்னதும் வந்து நிக்கிறாரு. அப்பன் எடத்துல நான் இருக்கேன், நான்தான் தாலி எடுத்துக் குடுப்பேன்னு."

கடலைத் தோலை முறத்தில் தட்டினார்.

"முறைப்படி அவரு சொல்றது சரி. வேற பெரிய ஆம்பளை எங்க வீட்டுல இல்ல. நான் தாலியறுத்தவ, தட்டுக்கிட்டயே போகக்கூடாது. மந்திரி வாராருன்னு சொன்னதுந்தான் அவரு வாயை மூடுனாரு. மந்திரிக்கு முன்னாடி எதுத்துப் பேச முடியுமா? நேத்து செய்தி கேட்ட கையோட ஆள் அனுப்பிட்டாரு. 'மந்திரி போயாச்சு, நான் வாரேன்'னு."

"இப்ப என்ன செய்யிறது அத்தை?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"அவரு தொட்ட தாலியை எம் மகன் கட்டக் கூடாது. அதுக்கு இந்தக் கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "இதை யார்கிட்டயும் சொல்லிப்புடாத. மணிக்கே பாதிதான் தெரியும்."

அவர் போன பிறகு, உடைத்த கடலையையும் தோலையும் ஒன்றாகக் கொட்டியிருந்ததைக் கவனித்தேன். மறுபடி உட்கார்ந்து பொறுக்கினேன்.

காபந்து

இரண்டு நாளில் அப்பா திருக்கோகர்ணத்துக்குப் போய், டெல்லியிலிருந்து திரும்பியிருந்த ஐயாவைப் பார்த்துவிட்டு வந்தார். வாசலிலேயே கத்தினார்.

"ஐயா வாராரு! இன்னும் மந்திரிதான்!"

ஆட்சி கவிழ்ந்தாலும் புது மந்திரிசபை பதவியேற்கும் வரை பழையவர்களையே தொடரச் சொல்லியிருக்கிறார்களாம். அதற்குக் காபந்து அரசு என்று பெயராம். பெரிய திட்டம் எதுவும் அறிவிக்க முடியாது, ஆனால் மந்திரி மந்திரிதான்.

ஜமீலாக்கா கேட்டார், "அப்ப புது ஆளுக எப்ப வாராங்களாம்?"

"கல்யாணத்துக்கு ரெண்டு நாள் கழிச்சு."

"ரெண்டு நாள் இடிச்சுக்கிட்டு நிக்குதே! அதுக்கு முன்னாடி வந்துட்டா?"

"வரமாட்டாங்க. இலாகா பிரிக்கிறதுல இன்னும் சண்டை முடியல" என்றார் அப்பா மகிழ்ச்சியாக. மந்திரிகள் சண்டை போட வேண்டும் என்று வேண்டிக்கொண்ட வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆனால் மணியின் ராமையா பெரியப்பா விடவில்லை. "கவுந்துபோன மந்திரி என்ன மந்திரி? அவரு ஆசீர்வாதம் பண்ணட்டும். தாலி நான் எடுத்துக் குடுக்கிறேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாராம். அத்தையிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள்வரை வரவில்லை. அப்பாவுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லக்கூடாது.

மனு

முதல் நாள் மத்தியானம் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். சிவப்பு விளக்குக் கார் இல்லை. ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர், ஓட்டுநர், அவர். கூட யாரும் இல்லை. ஆட்சி கவிழும் முன் ஊருக்கு வந்திருந்தால் முப்பது கார் பின்னால் வந்திருக்கும்.

"ஆட்சி இருந்திருந்தா நான் நாளைக்கு டெல்லியில இருந்திருப்பேன் கருப்பையா. ஒம் மக கல்யாணம் மறுபடி தள்ளிப்போயிருக்கும். கவுந்ததும் ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்று சிரித்தார். நன்றாகத் தூங்கி எழுந்தவர் போல இருந்தார்.

அப்படியும் விஷயம் தெரிந்து ஐந்தாறு பேர் மனுவோடு வந்துவிட்டார்கள். ஒருவர் முதியோர் பென்ஷனுக்கு, ஒருவர் பட்டாவுக்கு. இன்னும் இரண்டு மூன்று நாளில் போகப்போகிறவரிடம் மனுக் கொடுக்கிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவரும் முகம் சுளிக்காமல் வாங்கி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாயால் சொல்ல என்னால் முடியாது. ஆனால் மனு எழுதத் தெரியும். பத்தாம் வகுப்பில் தமிழ் இரண்டாம் தாளில் எனக்கு முழு மார்க் கிடைத்த ஒரே கேள்வி அதுதான்.

பரணில் இருந்த பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன்.

'அனுப்புநர்: க. மல்லிகா, ஆலங்குடி. பெறுநர்: மாண்புமிகு மத்திய இணை அமைச்சர் அவர்கள். பொருள்: தாலி எடுத்துக் கொடுப்பது தொடர்பாக.

ஐயா, வணக்கம். நாளை எனக்குத் திருமணம். என் மாமியார் கணவரை இழந்தவர். கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்து மகனை வளர்த்தவர். அவர்களை வீட்டை விட்டு இறக்கியவர் கையால் தாலியை வாங்க அவர்களுக்கு விருப்பம் இல்லை. அவர்கள் கையாலேயே தாலியை எடுத்துக் கொடுக்கத் தாங்கள் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதை நான் எழுதியதாக யாருக்கும் தெரிய வேண்டாம். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.'

காபி கொண்டுபோகும்போது டம்ளருக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன். ஐயா தாளைப் பிரித்துப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மடித்து, மற்ற மனுக்களோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "காபி நல்லாருக்கும்மா" என்றார்.

அவ்வளவுதான், மற்ற மனுக்கள் போகிற இடத்துக்கு இதுவும் போய்விட்டது என்று நினைத்தேன்.

மேடையில்

மறுநாள் காலை பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. மணி தரையைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராமையா பெரியப்பா புதுச் சட்டையும் பட்டுத் துண்டுமாகத் தட்டுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து நின்றார். அத்தை பந்தலின் கடைசித் தூணோரம், பந்திக்குப் போகிற வழியில் நின்றிருந்தார். ராமையாவின் கை தட்டுக்குப் போனால் அத்தை என்ன செய்வார் என்று ஓரக்கண்ணால் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா மைக்கைப் பிடித்தார்.

"நான் மந்திரியா இருந்தது கொஞ்ச நாள்தான். அதுல பாதி நாள் எங்களை நாங்களே காப்பாத்திக்கிறதுல போச்சு. மூட்டை மூட்டையா மனு வந்துச்சு. உண்மையச் சொல்றேன், ஒண்ணையும் செஞ்சு குடுக்க முடியல. கையெழுத்துப் போட பேனாவை எடுக்கிறதுக்குள்ள நாற்காலிய எடுத்துட்டாங்க."

கூட்டம் சிரித்தது.

"ஒரே ஒரு மனு பாக்கி இருக்கு. அதுக்கு டெல்லிக்கு எழுத வேண்டியதில்ல, நிதி ஒதுக்க வேண்டியதில்ல. இங்கேயே முடிச்சுடலாம். மாப்பிள்ளையோட அம்மா மேடைக்கு வரணும். தாலிய அவங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

ராமையா பெரியப்பா, "ஐயா, அவங்க சபைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"வாங்க பெரியவரே, நீங்க இந்தப் பக்கம் வந்து பிள்ளைகளை வாழ்த்துங்க. ஒங்க தம்பி மகன்தானே" என்று ஐயா அவர் தோளில் கை போட்டு, தட்டுக்கு எதிர்ப்பக்கம் அழைத்துக்கொண்டார். அவ்வளவு மரியாதையாக ஒருவரை நகர்த்தியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அத்தை தூணைவிட்டு அசையவில்லை. "வேணாங்க. ஊரு பேசும்" என்றார் அங்கிருந்தே.

"பேசுனா, மந்திரி உத்தரவுன்னு சொல்லுங்கம்மா. நாளைக்கு ராத்திரி வரைக்கும் எங்க உத்தரவு செல்லும். நாளான்னைக்குக் கேட்டாத்தான் செல்லாது. வெரசா வாங்க."

இதற்கு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலில் ஜமீலாக்காதான் எழுந்து, "போங்கக்கா, போங்க" என்று வழிவிட்டார். அப்புறம் சரசு நகர்ந்தாள். பாதை தானாக உண்டானது.

அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மேடை ஏறியதும் மறுபடி துடைத்துக்கொண்டார். தட்டிலிருந்து தாலியை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மேளக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கெட்டிமேளத்தை ஆரம்பித்துவிட்டார்.

"குடும்மா" என்றார் மணி. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் சொல் அது.

ஆவன செய்க

இரண்டு நாள் கழித்துப் புது மந்திரிசபை பதவியேற்றது. அதில் ஐயா பெயர் இல்லை. அதற்குப் பிறகு எந்த மந்திரிசபையிலும் அவர் பெயர் வரவில்லை. அப்பா ஒவ்வொரு முறையும் ரேடியோவில் பட்டியலைக் கடைசிவரை கேட்டார்.

ஊரும் பேசத்தான் செய்தது. அத்தை யார் கேட்டாலும், "எனக்கென்ன தெரியும், மந்திரி உத்தரவு" என்று ஒரே பதிலைச் சொன்னார். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ராமையா பெரியப்பா அன்று பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அவர் பேத்திக்குக் காதுகுத்து வைத்தபோது எங்களுக்குப் பத்திரிகை வந்தது. நாங்கள் போனோம்.

கல்யாணத்தன்று ஐயா கிளம்பும்போது என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். மொய் என்று எல்லோரும் நினைத்தார்கள். என் மனுவைத்தான் திருப்பிக் கொடுத்திருந்தார். ஓரத்தில் பச்சை மையில் 'ஆவன செய்க' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதவியையும் எழுதியிருந்தார். ஐயா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. அந்தத் தாளை இரும்புப் பெட்டியில், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. எங்களோடுதான் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் போதவில்லை. அன்றைக்கு மனுக் கொடுத்தது என் அப்பா என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்பா இறந்தபோது, "நல்ல மனுசன், சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டாரு" என்று சொல்லித்தான் அழுதார். என்னை நம்பிச் சொன்னதை நான் வெளியே விட்டுவிட்டேன் என்று தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்ற பயத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. மணியிடமும் சொன்னதில்லை.

இந்தத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து, வாரப் பத்திரிகை வந்த அன்று மத்தியானம் சாப்பிட்டதும் மணி அத்தைக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். அந்த நேரம் நான் அடுப்படியில் ஏதாவது வேலை இருப்பது போல நின்றுகொள்வேன். இந்த வாரமும் அங்கேதான் நிற்பேன்.

நான்தான் எழுதினேன், அத்தை.